ஒன்பதாம் நாள் மருந்து

எனக்கு வாய் நீளம். இதை நானே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் வேறு யாராவது சொல்வார்கள். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டில், எங்களை மேய்க்கும் மண்டோர் எவளையாவது அநியாயமாக ஏசினால் முதலில் எழும்பும் குரல் என்னுடையதுதான். ராமாத்தாள் வாயில் விழுவதற்கு ரப்பர் பால் வாளியில் தலைகீழாக விழலாம் என்று வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் சொல்வார்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்ற பழமொழியில் எனக்கு அசையாத நம்பிக்கை இருந்தது. பிழைத்தும் விட்டேன். எப்படிப் பிழைத்தேன் என்பதைத்தான் சொல்லப் போகிறேன். கேட்க நன்றாக இருக்காது.

ஐம்பத்திரண்டாம் வருஷம். எங்கள் ரப்பர் தோட்டம் மலாயாவில், லூபோக் சீனா என்ற ஊரிலிருந்து நாலு மைல் உள்ளே. வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலச் சட்டம் வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு நாங்கள் சோறு கொடுத்துவிடுவோம் என்று, அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த லயங்களைப் பிரித்தெடுத்து ஒரே இடத்தில் நெருக்கிக் கட்டி, சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டார்கள். ஒரே வாசல். காலை ஆறு மணிக்குத் திறப்பார்கள், சாயங்காலம் ஆறு மணிக்குப் பூட்டுவார்கள். வெளியே போகும்போது ஒரு பிடி அரிசியோ, சோறோ, மருந்தோ மடியில் இருந்தால் குற்றம். வீட்டில் உலை வைக்கக்கூடாது. பொதுக் கொட்டகையில் வேகும் சோற்றைத்தான் வரிசையில் நின்று வாங்க வேண்டும்.

எங்கள் காய்கறிக் கொல்லைகள் வேலிக்கு வெளியே மாட்டிக்கொண்டன. முருங்கையும் பசலையும் பப்பாளியும் யாருக்கும் இல்லாமல் முற்றி விழுந்தன. உள்ளே எங்களுக்குச் சோறு, கருவாடு, பருப்பு. பச்சை இலையைப் பார்க்க ஆசை வந்தால் பால்மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொள்ளலாம்.

ஆறு மாதத்தில் பாதி லயத்துக்கு ஈறு வீங்கியது. எனக்குத்தான் எல்லாரையும்விட மோசம். காலையில் வாய் கொப்பளித்தால் தண்ணீர் சிவப்பாக விழும். ஈறு கத்தரிக்காய் நிறத்துக்கு வந்து, பல்லை விட்டுக் கீழே இறங்கிவிட்டது. முன்பல் இரண்டும் நாக்குப் பட்டாலே ஆடின. அது கூடப் பரவாயில்லை, நாற்றம்தான் தாங்க முடியாதது. என் வீட்டுக்காரர் வீரப்பன் நல்ல மனுசர், ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. ஆனால் நான் எதிரில் உட்கார்ந்து பேசத் தொடங்கினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு பீடி பற்றவைப்பார். தண்ணீர்க் குழாயடியில் நான் நியாயம் பேசினால் எதிரில் நிற்பவள் மூக்கைச் சுருக்குவாள். மூக்கைச் சுருக்கிய பிறகு நியாயத்துக்கு என்ன மதிப்பு? எனக்கென்று இருந்த ஒரே ஆயுதம் அழுகிக்கொண்டிருந்தது. அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர் தங்கராஜு இருந்தார். அவரிடம் சிவப்பு மருந்தும் ஒரு குறடும் இருந்தன.

"ஆடுற பல்ல வச்சிக்கிட்டு என்னா செய்யப் போற? புடுங்கிட்டா நோவு போச்சுலா" என்றார்.

"அப்ப தலைவலின்னு வந்தா என்னா செய்வீங்க? தலைய எடுத்துடுவீங்களா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

சின்னத்தம்பி அண்ணனைப் பற்றி அப்போதுதான் நினைவு வந்தது. அண்ணன் என்றால் உடன்பிறந்தவர் இல்லை, மூன்றாம் லயத்தில் தனியாக இருந்தவர். புகைக்கூண்டில் வேலை. ரப்பர் ஷீட்டுகளுக்கு நெருப்புப் போட்டுப் போட்டு ஆளே புகை நாற்றம் அடிப்பார். பேசுவது பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும்தான் கேட்கும். எனக்கு நேர் எதிர். ஈறு மருந்து செய்வதில் மட்டும் அவருக்கு ஒரு தலைக்கனம் உண்டு. போன வருஷம் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி காளிதாசுக்குக் கடைவாயில் சீழ் கட்டி முகம் பூசணிக்காயாக வீங்கியபோது, ஆபீசுக்கே போய் மருந்து வைத்து ஆற்றியவர் அவர்தான்.

"துவர்ப்பு உள்ளது எல்லாம் சதைய இறுக்கும், தங்கச்சி" என்றார் என் வாயைப் பார்த்துவிட்டு. அவர் மூக்கைச் சுருக்கவில்லை. "பாலுல ஆசிட் ஊத்துனா கட்டுதா இல்லையா? அது மாதிரி. தொளதொளன்னு போன ஈறப் புடிச்சு இழுத்துப் பல்லோட கட்டிரும். ஆனா கட்டுனா மட்டும் போதாது, போன சதை திரும்ப வளரணும். அதுக்குத்தான் ஒம்போது நாளு."

மாசிக்காயைச் சுட்டுப் பொடித்தார். மலாய்க்காரப் பெண்கள் பிள்ளை பெற்றபின் வாங்கிச் சாப்பிடுகிறார்களே, அதே மாசிக்காய்தான். கடுக்காய்த் தோல், காய்ந்த மாதுளம் பழத்தோல், காசிக்கட்டி, இரண்டு கிராம்பு, கல்லுப்பு. எல்லாவற்றையும் இடித்துப் பழைய வேட்டித் துணியில் மூன்று தடவை சலித்தார். சிகரெட் டின்னில் போட்டு வைத்துக்கொண்டு, தினம் விடிகாலையில் எனக்கு ஒரு சிட்டிகை கொடுப்பார். அதை வெந்நீரில் குழைத்து மேல் ஈறும் கீழ் ஈறும் அப்பிக்கொண்டு உதட்டை மூடிவிட வேண்டும். வாசலைத் தாண்டி, என் முதல் நிரை மரங்களில் பால் வெட்டி முடிக்கும்வரை திறக்கக்கூடாது. கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம்.

"காத்துப் பட்டா மருந்து பொருக்குத் தட்டிரும், ஒட்டாது. பேசக்கூடாது, துப்பக்கூடாது. எச்சி ஊறுனா ஒதட்டோரமா வடிய வுடு. முழுங்கிராத, வயித்தப் பெரட்டும். நடுவுல வாயத் தொறந்தியா, மறுபடி அன்னிக்குத்தான் மொத நாளு. நானும் வேற பொடி இடிக்கணும்."

"ரெண்டு மணி நேரம் நான் பேசாம இருக்கணுமா?" என்றேன்.

"முடியாதுன்னா டிரஸ்ஸர்கிட்டப் போ" என்றார். அவருக்குச் சிரிப்பு வந்தது.

முதல் நாள் காலை நான் வாயை உப்பிக்கொண்டு பெரட்டில் நின்றதைப் பார்த்துத் தோட்டமே கொண்டாடியது. மண்டோர் என்னைக் காரணமில்லாமல் இரண்டு தரம் ஏசிவிட்டு, பதில் வராத சந்தோஷத்தில் மூன்றாவது தரமும் ஏசினார். "ராமாத்தா வாயே அடங்கிருச்சு. இனி மெர்ஜென்சிய எடுத்துறலாம்" என்று யாரோ சொல்லச் சிரிப்பு அடங்க வெகு நேரமாயிற்று. வாசலில் நின்ற மலாய்க்கார ஸ்பெஷல் கான்ஸ்டபிளிடம் அண்ணன்தான் விளக்கிச் சொன்னார். அவனும் சிரித்தான். மடியில் மருந்து கொண்டுபோகத்தான் தடை. வாய்க்குள் இருப்பதற்குச் சட்டம் எழுத அவர்களுக்குத் தோன்றவில்லை.

ஐந்தாம் நாள் ரத்தம் நின்றது. ஏழாம் நாள் கைக்கண்ணாடியில் பார்த்தேன். கத்தரிக்காய் நிறம் போய், ஓரமெல்லாம் இளஞ்சிவப்பாக, புதிதாக ஏறியிருந்தது. எட்டாம் நாள் சாயங்காலம் வீரப்பன் என் எதிரில் உட்கார்ந்து, பீடி பற்றவைக்காமல், நான் சொன்ன கதை முழுவதையும் கேட்டார். நடுவில் எழுந்துபோய் அழுதுவிட்டு வந்து மீதிக் கதையைச் சொன்னேன். பெண்ணாய்ப் பிறந்தவர்களுக்கு இது புரியும்.

மிச்சம் ஒன்பதாம் நாள். அன்றைக்கு மட்டும் இரண்டு தரம். காலையில் வழக்கமான பொடி. முதல் நிரை முடிந்ததும் அதே பொடியைப் பச்சைக் கொய்யாக் கொழுந்தோடு அரைத்த விழுது. பழையதை வழித்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் உடனே புதியதை அப்ப வேண்டும். சதையை நிலைக்க வைப்பது அதுதான் என்றார் அண்ணன். கொய்யா மரம் ஆற்றோரத்தில், வேலிக்கு வெளியே நின்றது.

"நாளைக்கு எடுக்கிற கொழுந்த சாயங்காலம் உள்ள கொண்டாந்து அரைச்சுத் தர்றேன். ஒரு நாளு தள்ளிப்போகும், அவ்வளவுதான்" என்றார்.

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அப்போது மருந்துகூட வாயில் இல்லை.

"பறிச்சு ஒரு நாளு கெடந்தா கொழுந்து வாடிப்போகாது? சாறே இருக்காதே. எட்டு நாளு நான் ஊமையாட்டம் இருந்தது வாடுன எலைக்கா?" என்றேன். "நீங்க பொடியக் கொண்டுபோயி அங்கனயே அரைச்சுக் குடுங்கண்ணே. ஒரு டின்னு. ஒங்கள யாரு தடவிப் பாக்கப் போறா?"

அவர் டின்னின் மூடியைத் திறந்து பொடி எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தார். கொழுந்து வாடிவிடும் என்று நான் சொன்னது அவருக்குச் சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். அது அவர் தொழிலின் மானம்.

"இன்னும் நாலு பேரு கேட்டிருக்காங்க. அவங்களுக்கும் சேத்தே கொழுந்துல பெசைஞ்சு காய வச்சிடறேன். பொடி முழுசும் எடுத்துக்கிறேன்" என்றார்.

மறுநாள் காலை வாசலில் போலீஸ் லோரி நின்றது. வழக்கமான இரண்டு ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களோடு டவுனிலிருந்து வந்த போலீஸ்காரர்களும், மீசை அரும்பிய ஒரு வெள்ளைக்காரத் துரையும். இரண்டு நாளைக்கு முன்னால் காட்டிலிருந்து ஒருவன் சரணடைந்திருந்தான் என்று எங்களுக்கும் தெரியும். கிராணி காளிதாஸ் துரைக்குப் பக்கத்தில் மொழிபெயர்க்க நின்றார்.

நான் மருந்தை அப்பிக்கொண்டு பெண்கள் வரிசையில் இருந்தேன். ஆண்கள் வரிசையில் அண்ணன் எனக்கு நாலு முழம் தள்ளி. அவர் கைலி மடிப்பில் போலீஸ்காரன் கை வைத்ததைப் பார்த்தேன். டின் வெளியே வந்தது. மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டுத் துரையிடம் நீட்டினான்.

அந்த நேரத்தில் விழுங்கிவிட்டேன். வேண்டுமென்று இல்லை. பயம் வந்தால் எச்சிலை விழுங்குவோமே, அப்படி. வாயில் இருந்தது மொத்தமும், அந்தத் துவர்ப்பும் கசப்பும், தொண்டையை அறுத்துக்கொண்டு இறங்கியது. நாக்கால் தடவினேன், ஒன்றும் மிச்சமில்லை. என் வாய் காலி. பேசுவதற்கு இனி எந்தத் தடையும் இல்லை. இது எனக்கு மட்டும்தான் தெரியும்.

"தொரை கேக்குறாரு, என்னா இது?" என்றார் காளிதாஸ்.

"ஈறு மருந்துங்க ஐயா. போன வருசம் ஒங்களுக்குப் போட்டனே, அதேதான்."

காளிதாஸ் அதை இங்கிலீஷில் சொன்னார். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் அண்ணன் பேசியது எவ்வளவு நீளம், கிராணி பேசியது எவ்வளவு குட்டை என்று தெரியும். பின்பாதி துரைக்குப் போய்ச் சேரவில்லை.

துரை நிறையப் பேசினார். காளிதாஸ் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "காட்டுல இருக்கறவனுங்களுக்கெல்லாம் ஈறு அழுகிப் பல்லு கொட்டுதாம். கீரையில்ல, பழமில்ல. முந்தாநாளு வந்தவனோட வாய இவரே பாத்தாராம். இது ஒரு ஆளுக்கான மருந்து இல்ல, யாருக்குக் கொண்டுபோறேன்னு கேக்குறாரு."

வேலிக்குள் இருக்கும் எங்களுக்கும் கீரை இல்லை, பழம் இல்லை, எங்களுக்கும்தான் ஈறு அழுகுகிறது, காட்டுக்காரனுக்கும் எங்களுக்கும் ஒரே வியாதியைக் கொடுத்தது நீங்கள்தான் என்று அந்த இடத்தில் சொல்ல ஒரு வாய் வேண்டும். அப்படிப்பட்ட வாய் அந்தத் தோட்டத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"அந்தா நிக்கிறாங்களே, ராமாத்தா, அவங்களுக்குத்தான். இன்னும் நாலு பேருக்கும்" என்றார் அண்ணன். நாலு பேரின் பெயரை அவர் சொல்லவில்லை. மாட்டிவிடக்கூடாது என்று நினைத்திருப்பார். அந்த நாலு பேரும் வரிசையில்தான் நின்றார்கள். அவர்கள் வாயில் மருந்துகூட இல்லை.

துரை என் முன்னால் வந்து நின்றார். காளிதாஸ் பின்னாலேயே வந்தார். "ராமாத்தா, சொல்லு. ஒனக்கா இது?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஆமாம் என்றால் அடுத்த கேள்வி என்ன என்று எனக்குத் தெரியும். வெளியே கொண்டுவரச் சொன்னது யார்? லோரியின் பின்கதவு திறந்து கிடந்தது. வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக்கொட்டகையில் என் பிள்ளைகள் இரண்டு பேர். உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றேன். தலையையாவது ஆட்டியிருக்கலாம். தலைக்கு ஒரு பத்தியமும் இல்லை. அதையும் செய்யவில்லை.

"அவங்க வாயில மருந்து இருக்குங்க ஐயா, பேசக்கூடாது" என்றார் அண்ணன்.

காளிதாஸ் சொன்னார். துரை சிரிக்கவில்லை. ஒரே ஒரு சொல் சொன்னார்.

"துப்பச் சொல்றாரு" என்றார் காளிதாஸ். "துப்பிட்டு வாயத் தொறந்து காட்டச் சொல்றாரு. அப்ப நம்புவாராம்."

திறந்தால் வாய் காலி. மருந்து எங்கே என்பார்கள். அண்ணன் பொய்யன், நானும் பொய்க்காரி என்று ஆகிவிடும். அப்படித்தான் அப்போது நினைத்தேன் என்று இத்தனை நாளும் எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் ஈற்றைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். பாதி ஆறியும் பாதி ஆறாமலும், காசிக்கட்டி கறை பிடித்து, அதைவிடப் பெரிய சாட்சி என்ன வேண்டும்? வாயைத் திறந்திருந்தால் போதும், ஒரு சொல்கூடப் பேசியிருக்க வேண்டாம்.

நான் வாய் திறப்பதற்குள், அல்லது திறக்காமலே இருப்பதற்குள், அண்ணன் குரல் கேட்டது. அவர் அவ்வளவு உரக்கப் பேசி நான் கேட்டதில்லை.

"ஐயா, துப்ப மட்டும் சொல்லாதீங்க. இன்னிக்கு ஒம்போதாம் நாளு. துப்புனா எட்டு நாளும் வீணாப் போயிரும். பொம்பளப் புள்ள, ரொம்ப கஷ்டப்பட்டிருச்சு. நான் லோரியில வர்றேன், எங்க வேணும்னாலும் வர்றேன். ரெண்டு மணி நேரத்துல மருந்து எறக்கிட்டு அவங்களே ஸ்டேஷனுக்கு வந்து சொல்லுவாங்க." பிறகு என்னைப் பார்த்தார். "தங்கச்சி, வாயத் தொறக்காத. முடிச்சிட்டு வா."

அவர் துளிகூடப் பயப்படவில்லை. விசாரிப்பார்கள், நான் வந்து சொல்வேன், மத்தியானத்துக்குள் புகைக்கூண்டுக்குத் திரும்பி நெருப்பைக் கிளறலாம் என்று நம்பினார். ஒரு நாள் கூலி போகும், ஈறு பிழைக்கும். அவருக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தானாக ஏற வருகிறவனை விட்டுவிட்டு ஒரு பெண்ணின் வாயைப் பிளக்க அவருக்கும் பொறுமையில்லை. கையை அசைத்தார். அண்ணன் கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு லோரியில் ஏறினார். லோரி கிளம்பியபோது என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்துக் காட்டினார்.

நான் என் நிரைக்குப் போனேன். ஏழாவது மரத்தடியில் வயிற்றைப் பிடுங்கிப் பழுப்பாக வாந்தி எடுத்தேன். முழுங்கினால் வயிற்றைப் பிரட்டும் என்று அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. காய்ந்த இலையைத் தள்ளி மூடிவிட்டு, எட்டாவது மரத்தில் உளியை வைத்தேன்.

பால் எடுத்து ஸ்டோருக்குப் போனபோது வீரப்பன் அங்கே இருந்தார். ஓரமாக இழுத்துப் போய், "ஸ்டேஷனுக்குப் போவணும்" என்றேன்.

"போயி?"

"எனக்காகத்தான் கொண்டாந்தாருன்னு சொல்லணும்."

"வெளிய கொண்டாரச் சொன்னது யாருன்னு கேப்பான். நாந்தான்னு சொல்லுவியா?" அவர் குரலை உயர்த்தவில்லை. "ரெண்டு பேரையும் உள்ள வச்சுருவான். புள்ளைங்க இருக்கு. ரெண்டு நாளு பொறு, விட்டுருவாங்க."

வீரப்பன் தடுத்தார், அதனால் போகவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் ஒன்றை நினைத்துவிட்டால் வீரப்பன் தடுத்து நிறுத்தக்கூடிய ஆள் இல்லை. கல்யாணமான பதினொரு வருஷத்தில் அவர் பேச்சை நான் கேட்ட முதல் நாள் அதுதான். அது அவருக்கும் தெரியும். பாதி பால் வாளியைப் பார்த்துக்கொண்டே பீடியைத் தேடினார்.

இரண்டு நாள் நாலு நாளாயிற்று. நாலு நாள் ஒரு மாதமாயிற்று. அண்ணனை எங்கோ தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று காளிதாஸ் சொன்னார். மூன்றாம் லயத்தில் அவர் அறையை வேறு ஆளுக்குக் கொடுத்தார்கள். சலித்த வேட்டித் துணியை யாரோ மண்ணெண்ணெய் விளக்கு துடைக்க எடுத்துப்போனார்கள்.

ஒருவரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். "பாவம், ராமாத்தா வாயில மருந்து இருந்துச்சு, பேச முடியல" என்று அவர்களே பேசிக்கொண்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். என் விஷயத்தில் ஊரே எனக்கு மூடி செய்து கொடுத்தது. அவர்களுக்கும் அது வேண்டியிருந்தது. நாலு பேருக்கும், போன வருஷம் ஆறிய கடைவாயோடு நின்ற கிராணிக்கும். ராமாத்தாளே பேச முடியாதபோது நாம் என்ன பேசுவது என்று எல்லாரும் என் உதட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்கள்.

என் ஈறு ஆறியது. ஒன்பதாம் நாள் மருந்து பாதியிலேயே வயிற்றுக்குப் போய்விட்டது, கொய்யா விழுது கிடைக்கவே இல்லை, ஆனாலும் ஆறியது. இரண்டு வாரத்தில் முன்பல் ஆடுவது நின்றது. இறங்கிய சதை மேலேறிப் பல்லைக் கவ்விக்கொண்டது. எட்டு நாளே போதுமாக இருந்திருக்கிறது. அண்ணன் எந்த ஒன்பதாம் நாளுக்காக லோரியில் ஏறினாரோ, அந்த ஒன்பதாம் நாளுக்கு ஒரு தேவையும் இருக்கவில்லை.

வாய் நாற்றம் போனதும் என் வாய் முன்னைவிட நீண்டது. தண்ணீர்க் குழாய்க்குக் கத்தினேன், சோற்றில் கல் இருந்ததற்குக் கத்தினேன். மண்டோர் என்னைக் கண்டால் வேறு பாதையில் போனார். "பழைய ராமாத்தா வந்துட்டா" என்று சிரித்தார்கள். எதற்குக் கத்த வேண்டுமோ அதைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் கத்திக்கொண்டிருந்தேன்.

ஐம்பத்து நாலில் எங்கள் பக்கம் கெடுபிடி தளர்ந்தது. வாசலில் தடவிப் பார்ப்பதை நிறுத்தினார்கள். கொல்லைகளுக்குப் போய்வரலாம் என்றார்கள். அந்த வருஷம் ஆடி மாதம் காளிதாஸ் என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டு அனுப்பினார். மேசையில் ஒரு கடிதம் இருந்தது. இந்தியாத் தபால்தலை.

"சின்னத்தம்பிகிட்டேருந்து" என்றார். "நாடு கடத்திட்டாங்களாம். ஒனக்குத்தான் போட்டிருக்கான். படிக்கவா?"

எனக்குப் படிக்கத் தெரியாது. தலையாட்டினேன். இந்தத் தடவை தலை ஆடியது.

யாரோ எழுதிக் கொடுத்த கடிதம். காளிதாஸ் நிதானமாகப் படித்தார். 'தங்கச்சி ராமாத்தாளுக்குச் சின்னத்தம்பி எழுதிக்கொண்டது. நான் மலாயாவிலேயே பிறந்தவன், இங்கே எனக்கு யாரையும் தெரியாது. நாகப்பட்டினத்தில் ஒரு அரிசி ஆலையில் வேலை கிடைத்திருக்கிறது. முகாமில் ஒன்றரை வருஷம் இருந்தேன். அங்கே இலை தழை எதையும் உள்ளே விடுவதில்லை, என் முன்பல் நாலும் போய்விட்டது. அது போகட்டும். நீ அன்றைக்கு ஸ்டேஷனுக்கு வந்திருப்பாய், உன்னை உள்ளே விட்டிருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அதை நினைத்து வருத்தப்படாதே. எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும். ஒன்பதாம் நாள் மருந்து இரண்டு மணி நேரமும் வாயில் இருந்ததா? கொய்யா விழுதை வேறு யாராவது அரைத்துக் கொடுத்தார்களா? நடுவில் கெட்டிருந்தால் ஈறு மறுபடி இறங்கும். அப்படியானால் பொடி செய்யும் முறை கீழே எழுதியிருக்கிறேன்.'

கீழே மாசிக்காயும் கடுக்காயும் காசிக்கட்டியும் அளவோடு இருந்தன. காளிதாஸ் அதையும் விடாமல் படித்தார். படிக்கும்போது அவர் நாக்கு ஒரு தடவை கடைவாய்ப் பக்கம் போய் வந்ததைப் பார்த்தேன்.

"பதிலு எழுதணுமே" என்றார். "என்னா எழுதட்டும்?"

ஜன்னலுக்கு வெளியே புகைக்கூண்டின் புகை தெரிந்தது. உண்மையை எழுதச் சொல்லலாம். எழுதினால் இரண்டையும் எழுத வேண்டும். உங்களைப் பிடித்தபோது என் வாயில் ஒன்றும் இல்லை, நான் ஸ்டேஷன் பக்கமே வரவில்லை என்பது ஒன்று. உங்கள் ஒன்பதாம் நாள் இல்லாமலே எனக்கு ஆறிவிட்டது என்பது இன்னொன்று. அந்த மனுசனிடம் மிச்சம் இருந்தது அந்த மருந்து ஒன்றுதான்.

"ஆறிருச்சுன்னு எழுதுங்க. ஒரு பல்லுகூட ஆடலன்னு எழுதுங்க" என்றேன்.

"ஒம்போதாம் நாளு?"

"முழுசா இருந்துச்சுன்னு எழுதுங்க. கொய்யா விழுதும் போட்டேன்னு எழுதுங்க. அதுனாலதான் நின்னுச்சுன்னு எழுதுங்க."

காளிதாஸ் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவருக்கு எவ்வளவு தெரியும், எப்போதிலிருந்து தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை. கொய்யா விழுதை யார் அரைத்தது என்று அவர் கேட்கவில்லை.

"ஸ்டேஷனுக்கு வந்தேன்னும் எழுதவா?" என்றார் மெதுவாக.

"எழுதுங்க."

எழுதி முடித்துத் தாளை என் பக்கம் திருப்பினார். மைப்பெட்டியில் கட்டைவிரலை ஒற்றி, அவர் காட்டிய இடத்தில் வைத்தேன். சின்னத்தம்பி அண்ணனுக்காக நான் கொடுத்த சாட்சி இந்த உலகத்தில் அது ஒன்றுதான். அதுவும் பொய்.